வயிற்றுக் கோளாறு கண்டுபிடித்த பெட்டி

எங்கள் கம்பெனியில் களைப்புக்கு லீவு கிடையாது. காய்ச்சலுக்கு உண்டு, வயிற்றுப்போக்குக்கு உண்டு, சாவுக்கு உண்டு, அதுவும் நெருங்கின சாவாக இருக்க வேண்டும். ரெண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு மறுநாள் இடுப்பைத் தூக்க முடியாமல் கிடந்தேன் என்று ஒரு தடவை உண்மையை எழுதிக்கொண்டு போனேன். 'உடம்பு முடியவில்லை' என்று இருந்தது லெட்டரில். பர்சனல் ஆபீசர் கோமதிநாயகம் சார் அதைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"முடியலைன்னா என்ன முடியலை? நோய்க்குப் பேர் ஒண்ணு இருக்கும்ல. அதை எழுதுய்யா."

"களைப்பு சார்."

"களைப்பு நோயா? எனக்குந்தான் களைப்பா இருக்கு. போய் ஒழுங்கா எழுதிட்டு வா."

நான் ஸ்டோரில் லோடுமேன். ஒரகடத்தில் இருந்து வடக்குப்பட்டு போகிற வழியில், கார் கதவு ஓரத்துக்கு ரப்பர் பட்டி செய்கிற கம்பெனி எங்களுடையது. ரப்பர் மூட்டையை இறக்க வேண்டும், பட்டி அடைத்த பெட்டியை ஏற்ற வேண்டும். இதற்கு எழுத்து தேவையில்லை என்றுதான் நாற்பது வயது வரை இருந்தேன். லீவுக்குத் தேவைப்பட்டது. கற்றுக்கொண்டு எழுதிய ரெண்டாவது லெட்டர் இது:

'ஐயா, முந்தாநாள் மதியம் கேன்டீனில் சாப்பிட்ட பிறகு வயிற்றில் கோளாறு ஏற்பட்டு மிகவும் அவதிப்பட்டபடியால் நேற்று வேலைக்கு வர இயலவில்லை. மன்னித்து லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, உச்சிமாகாளி, ஸ்டோர்.'

என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கல்லைத் தின்றாலும் கரைக்கும். கேன்டீன் பேச்சை நடுவில் செருகினதற்குக் காரணம், லெட்டர் ரெண்டே வரியில் முடிந்தால் மொட்டையாக இருந்தது. கொஞ்சம் நீளமாக இருந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஆனது. சார் என் முகத்தைப் பார்த்தார், "வயிறா?" என்றார், "ஆமா சார்" என்றேன், 'பாஸ்டு' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மோல்டிங்கில் தங்கமாரி என்று எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், ஆறேழு பேரோடு படப்பையில் ரூம் எடுத்து இருந்தான். அவன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அந்தப் பாஸ் ஆன லெட்டரைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்து எழுதினான். அவனுக்கும் பாஸ் ஆனது. அவனிடம் ரூமில் இருந்தவர்கள் வாங்கினார்கள். பாஸ் ஆன லெட்டரில் ஒரு சொல்லை மாற்றினாலும் பலிக்காது என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்குள் வந்துவிட்டது. டிப்ளமா படித்தவன், கல்லூரி வாசலை மிதித்தவன் எல்லாம் என் லெட்டரை அப்படியே பார்த்து எழுதினான். ஒருத்தன் அவசரத்தில் அடியில் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டான். அதுவும் பாஸ் ஆனது.

கோமதிநாயகம் சார் ஏமாளி இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் லீவா, லைனில் ஆள் குறையவில்லையா, பையன் கண் உள்ளே போய்க் கிடக்கிறதா, சரி போ என்று விட்டுவிடுவார். அதே பையன் மூணாம் தடவை வந்தால், "உன் வயித்தைக் கழட்டி வச்சுட்டு வேலைக்கு வாடா" என்பார். ஆறு வருஷம் இப்படித்தான் ஓடியது. கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை.

ரெண்டாயிரத்து நாலில் ஜி.எம். சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததில் இருந்து, முடிவு என்பது ஆளைப் பொறுத்து இருக்கக்கூடாது, விதியைப் பொறுத்து இருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். அடுத்த மாதம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. அதற்குள் போடுவதற்கு விதி சேகரிக்க ஒரு பெண்ணும் வந்தாள். பெயர் கனகலட்சுமி. லீவு, ஓ.டி., ஷிப்டு, காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிறது, கேன்டீன், பஸ் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டி ஆலோசனை சொல்லுமாம். பச்சை விளக்கு என்றால் சரி, மஞ்சள் என்றால் யோசி, சிவப்பு என்றால் நிறுத்து. ஆபீசில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது குறிசொல்லிப் பெட்டி.

கனகலட்சுமி மேடம் நல்ல பெண். மூணு வாரம் டைம் ஆபீசில் கோமதிநாயகம் சார் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டாள். பழைய லீவு லெட்டர் கட்டுகளையும் ரிஜிஸ்டர்களையும் ஸ்டோரில் இருந்து சுமந்து கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. கட்டைப் பிரிக்கிறேன், கட்டைக் கட்டுகிறேன் என்று பாதி நாள் அங்கேயே நின்றேன். ஜி.எம்.மும் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வார்.

"சார், ஒருத்தர் லீவு லெட்டர் குடுத்தா நீங்க எப்படி முடிவு பண்றீங்க?" என்று கேட்டாள்.

"அனுபவம்மா."

"அனுபவத்தை நான் டைப் பண்ண முடியாது சார். இது இருந்தா அது, அப்படிச் சொல்லுங்க."

"முகத்தைப் பார்த்தே சொல்லிருவேன்."

"முகத்துல என்ன இருந்தா?"

சார் ஜி.எம்.மைப் பார்த்தார். கண் உள்ளே போயிருந்தால் விட்டுவிடுவேன் என்று ஜி.எம். முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால், பொய் என்று தெரிந்தேதானே பாஸ் போட்டாய் என்று வரும். ஆகவே முகம் என்ற பேச்சையே விட்டுவிட்டார். "முகமெல்லாம் பழைய காலம்மா. காரணம் எழுத்துல இருந்தா ஏத்துக்குவேன். இல்லைன்னா கிடையாது. நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார்.

அவள் டைப் செய்தாள். காரணம் எழுத்தில் இருந்தால், அது உண்மை. அது ஒரு விதி.

அந்த மூணு வாரமும் சாருக்குப் பொற்காலம். பிறந்ததில் இருந்து யாரும் அவரிடம், நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அவர் வீட்டம்மாவும் கேட்டிருக்க மாட்டார். ஒரு பெண் காபி கூடக் குடிக்காமல் அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறாள், பக்கத்தில் ஜி.எம். தலையாட்டுகிறார். மனுஷன் அவிழ்த்துவிட்டார். ஒரு நாள் கேன்டீனைப் பற்றிக் கேள்வி வந்தது.

"இதுக்கு முந்தின கம்பெனியில ஒரு தடவை ஒரே மாசத்துல பத்துப் பேருக்கு வயிறு கெட்டுச்சு" என்றார். "பத்துப் பேரும் ஒரே இடத்துல சாப்பிட்டவங்க. நான் ஒரு நிமிஷம் யோசிக்கலை. கேன்டீனைப் பூட்டு, காண்ட்ராக்டை ரத்து பண்ணுன்னுட்டேன்."

"எக்ஸலண்ட்" என்றார் ஜி.எம்.

முந்தின கம்பெனியில் கேன்டீனே கிடையாது. அங்கேயும் நான்தான் மூட்டை தூக்கினேன். எல்லாரும் வீட்டில் இருந்து தூக்குவாளியில் கொண்டுபோனோம். ஆனால் லோடுமேனிடம் யாரும் கேட்கவில்லை. மேடம் டைப் செய்தாள்: முப்பது நாளில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வயிற்றுக் கோளாறு என்றால், எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னால், அந்த இடத்தை மூடு. இப்படி இருநூற்றுப் பதினாலு விதி சேர்ந்தது. அதில் பாதி சார் செய்தது, பாதி சார் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தது.

பிறகு அந்த வருஷத்து லீவு லெட்டர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த மறுநாள் காலையில் கேன்டீனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கேன்டீனை நடத்தியது ஞானம்மா. வடக்குப்பட்டுக்காரி. நாலு பெண்களை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக ரெண்டு ஷிப்டுக்கும் சோறு போட்டாள். அவள் வைக்கிற வெள்ளிக்கிழமை மீன் குழம்புக்காக வியாழக்கிழமை லீவு போட்டவனும் வெள்ளிக்கிழமை வந்துவிடுவான். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'உணவினால் தொழிலாளருக்கு உடல்நலக் கேடு நேர்ந்ததாகக் கண்டறியப்பட்டதால், மாதக் கடைசியோடு காண்ட்ராக்ட் ரத்து.' இன்னும் பத்து நாள் இருந்தது.

அவள் தாளோடு நேரே ஸ்டோருக்கு வந்தாள். நான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாகாளி, என் சோத்தத் துன்னு உனுக்கு வவுறு போச்சா?"

"இல்லக்கா."

"நாப்பத்தி மூணு பேருக்குப் போச்சாமே. கக்கூஸு நாலுதானே கீது இங்க. நாப்பத்தி மூணு பேரும் எங்கடா போனீங்க?"

அவள் தாளை என் முன் நீட்டினாள்.

"கேன்டீன் போனாப் போவுது. வேற எடத்துல ஒல வெப்பேன். இத்த வெச்சிக்கினு எந்தக் கேட்டுக்குள்ள போவேன்? மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில ஆள் தேடிக்கினு கீறாங்க. மொத கேள்வியே, பழைய கம்பெனியில இன்னா எய்திக் குடுத்தாங்கன்னுதான். வெசம் வெச்சவன்னு எய்திக் குடுத்துட்டாங்கன்னு சொல்லட்டா?"

அவளுக்குக் கம்பெனிக்காரர்கள் மேல் இருந்த கோபத்தைவிட எங்கள் மேல்தான் அதிகம். நியாயம்தான். அவள் போன பிறகு நான் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு டைம் ஆபீசுக்குப் போனேன். கனகலட்சுமி மேடம் தனியாக இருந்தாள்.

"மேடம், பெட்டி ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு கேக்க முடியுமா?"

"முடியுமே. அதுக்கே ஒரு பட்டன் இருக்கு" என்றாள். அழுத்தினாள். பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. எனக்கு அது ஆச்சரியம். நான் வேலை பார்த்த இருபத்தைந்து வருஷத்தில் எந்த அதிகாரியிடமும் ஏன் என்று கேட்டுப் பதில் வாங்கியதில்லை. அப்படி ஒரு பட்டன் மனுஷருக்கு இல்லை.

தாளை அவள் தமிழில் படித்துச் சொன்னாள். காரணம் எழுத்தில் இருந்தால் உண்மை. கடந்த முப்பது நாளில் நாற்பத்து மூணு பேர் வயிற்றுக் கோளாறு என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பத்து மூணு பேரும் கேன்டீனில் மதியம் சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே மூடு.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களே, அது சந்தேகமா இல்லையா மேடம்?"

"ஒரே மாதிரி எழுதினா சந்தேகப்படுன்னு யாரும் ரூல் சொல்லலையே. இதுவா எதையும் நினைக்காதுங்க. நாம சொன்னதைக் கோக்கும், அவ்வளவுதான்."

"அது என் லெட்டர் மேடம்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு வாரம் கேட்டேன். இதைச் சார் சொல்லவே இல்லையே" என்றாள்.

"இப்ப மாத்த முடியுமா?"

"நானா மாத்தக் கூடாது. எழுதினவங்க, நான் எழுதினது சரியில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்த லெட்டரை எடுத்துடலாம். பத்துக்குக் கீழ வந்தா விளக்கு மாறிடும். முப்பத்து நாலு பேர் போட்டாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பகலில் படப்பைக்குப் போனேன். தங்கமாரி ரூமில் எட்டுப் பேர் படுத்துக் கிடந்தார்கள். ஒரு ஃபேன், எட்டுப் பேருக்கும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். யாரும் எழுந்து உட்காரவில்லை.

"அண்ணாச்சி, பொய்க் காரணம் எழுதினா கேட் ஸ்டாப்பு, உள்ளயே விட மாட்டாங்கன்னு ஒரு ரூல் இருக்காம்ல" என்றான் சுவர் ஓரத்தில் கிடந்தவன்.

"முதல் தடவைன்னா எச்சரிக்கை. ரெண்டாம் தடவைதான் கேட்டு. மேடத்துக்கிட்டக் கேட்டுட்டுதான் வாரேன்."

"நான் மூணு லெட்டர் குடுத்திருக்கேன். எனக்கு முதல் தடவை எது, ரெண்டாம் தடவை எதுன்னு அந்தப் பெட்டியே எண்ணிக்கிடும்."

"நீங்க எழுதினதைப் பார்த்துத்தானே எழுதினோம்" என்றான் இன்னொருத்தன். "கேன்டீன் பேரை உங்களை யாரு எழுதச் சொன்னா?"

"உன்னை யாருல பார்த்து எழுதச் சொன்னா? நீ டிப்ளமா படிச்சவன்தானே. வயித்துக்குப் பதிலா ஒரு தலைவலின்னு எழுதத் தெரியாதா?"

"தலைவலிக்குப் பாஸ் ஆகுமா ஆகாதான்னு எனக்கென்ன தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். காண்ட்ராக்ட் பையன்கள், பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே தள்ளி உள்ளே எடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனால் அந்த நேரத்தில் குறை சொல்லிவிட்டேன். "அவ சோத்தைத் தின்னுதானல இவ்வளவு நீளத்துக்குக் கிடக்கிய" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஷேர் ஆட்டோவில் கால் வைத்தபோது தங்கமாரி பின்னால் ஓடிவந்தான்.

"எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ பதினாறு நாள் உப்பில்லாமத் தனியாச் சமைச்சுத் தந்தா அண்ணாச்சி. பேப்பரைக் குடுங்க."

அந்த மாதம் நானும் ஒரு லெட்டர் கொடுத்திருந்தேன், ஆக என் கையெழுத்து ஒன்று, அவன் கையெழுத்து ஒன்று. இன்னும் முப்பத்து ரெண்டு வேண்டும். அந்த வாரம் முழுக்க லைன் லைனாகப் போய்க் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன், தனக்கு உண்மையாகவே வயிறு கெட்டது என்று என்னிடமே சத்தியம் செய்தான். அன்றைக்கு அவன் வண்டலூரில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், கூடப் போனவன் சொன்னான்.

மீதி இருந்தது ஒரே வழி. முப்பத்து ரெண்டு பேர் சொல்ல வேண்டியதை ஒரு ஆள் சொன்னால் போதும். கோமதிநாயகம் சாரிடம் போய் நின்றேன்.

"சார், இந்த லெட்டர் எல்லாம் சும்மான்னு உங்களுக்குத் தெரியும்."

"கதவைச் சாத்துய்யா" என்றார். சாத்தினேன்.

"தெரியும்னு ஒரு வார்த்தை மேடத்துக்கிட்டச் சொல்லிட்டா ஞானம்மா பிழைச்சுக்குவா சார்."

"நான் பிழைக்க வேண்டாமா? தெரிஞ்சே ஆறு வருஷம் பாஸ் போட்டேன்னு ஆகும்."

"போட்டீங்கல்ல சார்."

"அது மனுஷத்தன்மைய்யா. நீங்க ரெண்டு ஷிப்டு பார்த்துட்டுப் பேயடிச்ச மாதிரி வந்து நிப்பீங்க. பாவமேன்னு போட்டேன். அதைப் போய் எந்தக் கட்டத்துல டைப் பண்ணச் சொல்ற?"

"பாவம்னு ஒரு விதி சொல்லியிருக்கலாம்ல சார். இருநூத்திப் பதினாலு சொன்னீங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல் பரிதாபமாகக் கூட இருந்தது. தான் செய்த நல்லதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரை என்ன செய்வது? கடைசியில், "மேல நான் சொல்லிப் பார்க்கேன்" என்றார். மேலே சொன்னதும் உண்மைதான். என்ன சொன்னார் என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டின பிறகு தெரிந்தது. இனிமேல் வயிற்றுக் கோளாறு என்ற காரணம் ஏற்றுக்கொள்ளப்படாது. அது இருநூற்றுப் பதினைந்தாவது விதி. முன்னால் எழுதியது முன்னால் எழுதியதுதான். கேன்டீன் விளக்கு சிவப்பிலேயே நின்றது. எனக்கும் தங்கமாரிக்கும் பொய்க் காரணம் எழுதியதற்கு ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேடத்துக்கு எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜி.எம்.மிடம் போய்ப் பேசியிருக்கிறாள். "சிஸ்டத்தை நீங்களே நம்பலைன்னா நாங்க எதுக்கும்மா வாங்கினோம்?" என்று கேட்டாராம்.

இதில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஜி.எம்., கோமதிநாயகம் சார், இன்னும் மூணு அதிகாரிகள், இந்த அஞ்சு பேரும் மாடியில் தனி அறையில் சாப்பிடுவார்கள். சோறு அதே கேன்டீனில் வேகிற சோறுதான், அதே குழம்புதான், கேரியரில் மேலே போகும். சிவப்பு விளக்கு எரிந்த நாளிலும் போனது, அடுத்த நாளும் போனது. ரெண்டாம் தடவை ரசம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்கு வயிறு கெட்டதாகப் பெட்டியில் பதிவே இல்லை. அவர்கள் லெட்டர் எழுதுகிற ஜாதி இல்லை. லீவு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள்.

மாதக் கடைசிக்கு மூணு நாள் முன்னால் புதுக் காண்ட்ராக்டர் ருசி பார்க்கச் சாப்பாடு அனுப்பினான். பொட்டலம். மாடியில் பிரித்துப் பார்த்தார்கள். நான் ஒரு பீரோவை நகர்த்துவதற்காக மேலே போயிருந்தேன். அஞ்சு பேரும் ஒருத்தர் பொட்டலத்தை ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்தவன் பொட்டலத்திலாவது ஏதாவது இருக்காதா என்று.

அன்று சாயந்திரம் நாலு மணிக்குக் கோமதிநாயகம் சார் கேன்டீன் பின்பக்கம் வந்தார். ஞானம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஞானம்மா, ஒண்ணாந்தேதியில இருந்து எங்க அஞ்சு பேருக்கு மட்டும் உன் வீட்டுல இருந்து கேரியர் அனுப்பிரு. வீடுன்னா அது கேன்டீன் கணக்குல வராது. பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

ஞானம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என் சோறு கெட்டுப்போன சோறுன்னு எய்திக் குடுத்துட்டு வூட்டாண்ட வந்து கேக்கறீங்களே சார்."

"அது சிஸ்டம் சொன்னதும்மா. நாங்க சொன்னமா?"

"அப்ப நீங்க இன்னா சொல்றீங்க?"

"நல்ல சாப்பாடுதான். யாரு இல்லைன்னா?"

"அத்த எய்திக் குடுங்க" என்றாள். "அஞ்சு பேரும். ஆறு வருசமா இவ ஆக்கிப் போட்டத நாங்க டெய்லி துன்றோம், ஒரு நாளும் ஒண்ணும் ஆவலன்னு எய்தி, கையெய்த்துப் போட்டு, கம்பெனி முத்திரை வெச்சிக் குடுங்க. அப்பால கேரியரு பத்திப் பேசலாம்."

"பேப்பர் எதுக்கும்மா? பேப்பரைப் பார்த்துப் பெட்டி மாறாது."

"பெட்டிக்கு இல்ல சார். எனக்கு. வூட்ல மாட்டி வெச்சிப்பேன்."

அவர் யோசித்துக்கொண்டே மேலே போனார். யோசித்த மாதிரி இருந்ததே தவிர, யோசித்தது நாக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மீன் குழம்பைக் கொஞ்சம் நன்றாகவே வைத்தாள், கடைசிக் குழம்பு என்றும் சொல்லி அனுப்பினாள். சாயந்திரமே தாள் வந்துவிட்டது. கம்பெனித் தாள், முத்திரை, அஞ்சு கையெழுத்து. ஜி.எம். போட்டது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கம்ப்யூட்டரில் ஏறாத காகிதம் காகிதமே இல்லை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். மாடியில் இருந்துகொண்டு ரொம்ப நாளாகக் கீழே பார்க்காததால் வந்த வினை. இந்த ரோட்டில் அந்தப் பக்கம் மறைமலை நகர் வரைக்கும் எந்தக் கேட்டிலும் முத்திரை போட்ட காகிதத்துக்கு வாட்ச்மேன் எழுந்து நிற்கிறான் என்பது எனக்கே தெரியும்.

ஞானம்மா அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'சுத்தமான', 'சுவையான', 'எந்தவிதக் குறையும்' என்றெல்லாம் இருந்தது. எழுதியது கோமதிநாயகம் சார்தான், அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல மறுத்ததை மனுஷன் முழுசாக எழுதிவிட்டிருந்தார். ஒரு பெண்ணின் பிழைப்புக்கு வராத வார்த்தை மத்தியானக் குழம்புக்கு வந்துவிட்டது.

"வேற ஒண்ணும் பொடி வெச்சி எய்தலியே?" என்றாள்.

"இல்லக்கா. நல்லாத்தான் எழுதியிருக்காரு."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் சமையலை அந்த நாலு பெண்களிடம் விட்டுவிட்டு மறைமலை நகர் போய்விட்டு வந்தாள்.

ஒண்ணாந்தேதி மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு மினி டெம்போ கேன்டீன் பக்கம் வந்து நின்றது. ஞானம்மா தன் பாத்திரங்களை எடுத்துக்கொள்ள வந்திருந்தாள். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ரெண்டு கிரைண்டர். நானும் தங்கமாரியும் ஏற்றினோம். நாலு பெண்களும் டெம்போ பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்கள். தங்கமாரிக்குப் பெல் அடித்துவிட்டது, ஓடிவிட்டான். முன் சீட்டில் ஏறும்போது ஞானம்மா என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். சூடாக இருந்தது.

"மிச்ச நாப்பத்தி ஒரு பேரும் பொட்டலம் துன்னட்டும்" என்றாள். "மறைமலை நகர்ல ரோடு மேலதான் புது கேட்டு. அந்தப் பக்கம் வந்தா, மாரிய இட்டுக்கினு வா."

அப்போது கோமதிநாயகம் சார் மாடிப்படியில் இறங்கி வந்தார். டெம்போவைப் பார்த்து நடையை வேகமாக்கினார்.

"என்ன ஞானம்மா, மணி ஒண்ணாகப் போகுது. கேரியரை டெம்போவுலயா கொண்டாந்த?"

"கேரியர் இல்ல சார்."

"இல்லையா? ஜி.எம். கை கழுவிட்டு உக்காந்திருக்காரும்மா. ஒண்ணாந்தேதின்னு பேசினோமே."

"பேசலாம்னேன். அனுப்பறேன்னு நான் சொல்லலியே" என்றாள் ஞானம்மா. குரலில் கோபமே இல்லை, அவர் உடம்பின் மேல் ரொம்ப அக்கறையாக இருந்தது. "எனக்கும் ஆசைதான் சார். ஆனா பெட்டி செவப்பு காட்டிக்கினு கீது. நாப்பத்தி மூணு பேருக்கு வவுறு போயிருக்கு. தெரிஞ்சிக்கினே உங்களுக்கு நான் எப்டி சோறு போடுவேன்? நாளைக்கி ஜி.எம். சாருக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"யம்மா, அது சும்மாம்மா. அந்த லெட்டர் எல்லாம் பொய். எனக்குத் தெரியாதா?"

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். டெம்போவில் இருந்த நாலு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சார் தன் வாயைத் தானே கேட்டுவிட்ட மாதிரி நின்றார்.

"அத்த மேல போயி சொல்லுங்க சார்" என்றாள் ஞானம்மா. டிரைவரைப் பார்த்து, "நீ எடுப்பா" என்றாள்.

டெம்போ கேட்டைத் தாண்டி ஒரகடம் பக்கம் திரும்பியது. பாத்திரம் உருளுகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. சார் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். வாழை இலையில் கட்டின பொட்டலம், ஓரத்தில் குழம்பு கசிந்து என் விரலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா அது?"

"சாப்பாடு சார்."

"மீனா?"

"வாசனை அப்படித்தான் வருது சார்."

அவர் போகவில்லை. ஒரு வாய் கொடுத்திருக்கலாம். ஆறு வருஷம் பாஸ் போட்ட கை அது, அதை மறந்துவிடவில்லை. ஆனால் என் உடம்பு காலையில் இருந்து நாற்பது மூட்டை இறக்கியிருந்தது, பசி முதுகுவரை வந்துவிட்டது. ஸ்டோருக்குள் போனேன், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், ரப்பர் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.